தாயை விட்டுப் பிள்ளையை எடுத்த தர்மம்

எருசலேமில் கூடிய முதல் கிறிஸ்தவச் சபைக்குள் மூண்ட முதல் பூசல் சாப்பாட்டுப் பங்கீட்டில்தான் வந்தது. எபிரெயரின் விதவைகளுக்குப் பங்கு ஒழுங்காகப் போகிறது, கிரேக்கம் பேசும் எங்கள் விதவைகள் மட்டும் விடுபட்டுப் போகிறார்கள் என்று ஒரு தரப்பார் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் இதை மூடி மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு தர்ம நிர்வாகத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு ஒன்றை நான் படித்ததில்லை.

அந்தப் பகுதியைப் பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கும்போது ஒரு சொல் கண்ணில் தட்டும். அந்த விதவைகள் ‘அன்றாட விசாரணையில்’ திட்டமாய் ‘விசாரிக்கப்படவில்லை’ என்று அது சொல்கிறது. விசாரணை என்றால் இன்று நமக்குக் காவல் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இதே வினைச்சொல் வேறு இடங்களிலும் வருகிறது. சங்கீதம் 68 கடவுளை விதவைகளுக்கு நியாயம் விசாரிக்கிறவர் என்கிறது. விதவையின் வழக்கை விசாரியுங்கள் என்கிறது ஏசாயா முதல் அதிகாரம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்தில் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறது யாக்கோபின் நிருபம். சோறு போடுவது, வழக்கைக் கேட்பது, வீடு தேடிப் போய் நலம் கேட்பது ஆகிய மூன்றும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. மூலமொழிகளில் இவை வெவ்வேறு சொற்கள். ஆனாலும் யாக்கோபு பயன்படுத்திய கிரேக்க வினையின் வேரிலிருந்துதான் பேராயரைக் குறிக்கும் ‘எபிஸ்கொப்போஸ்’ என்ற சொல்லும் வந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் ‘கண்காணி’ என்றது. பதவியின் பெயரிலேயே வேலை இருக்கிறது.

இனி, யார் இந்தத் திக்கற்ற பிள்ளை? அநாதை என்றால் தாயும் தகப்பனும் இல்லாத குழந்தை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எபிரெயத்தில் ‘யாதோம்’ என்ற சொல் முதன்மையாகத் தகப்பனை இழந்த பிள்ளையைக் குறிக்கிறது. புலம்பல் 5ஆம் அதிகாரத்தில் ஒரே மூச்சில் இது தெளிவாகிறது: திக்கற்றவர்களானோம், தகப்பன் இல்லை, எங்கள் தாய்மார் விதவைகளைப்போல இருக்கிறார்கள். அதாவது பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள், பக்கத்திலேயே இருக்கிறாள். நிலமும் வழக்கும் ஆண்களின் பெயரில் நடந்த சமூகத்தில், கணவன் போனதும் ஊர்வாசலில் அமர்ந்த மூப்பர்களிடம் அவளுக்காகப் பேச ஆளில்லை. அவளும் பிள்ளைகளும் ஒன்றாகவே விழுந்தார்கள். வேதாகமத்தில் விதவையும் திக்கற்ற பிள்ளையும் ஏறக்குறைய எப்போதும் சேர்த்தே சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் இரண்டு வகைப் பயனாளிகள் அல்லர், ஒரே வீட்டார். இந்த ஒன்றைப் பிற்காலத் தர்மம் மறந்தது. அதன் விளைவுகளைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது.

மோசேயின் சட்டம் அந்த வீட்டை வீடாகவே காக்கப் பார்த்தது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை உதிர்த்தபின் மறுபடியும் கிளைகளைத் தேடாதே, திராட்சையை இரண்டாம் முறை அறுக்காதே, மிச்சமெல்லாம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்கிறது உபாகமம் 24. விதவையின் உடையை அடகாக வாங்கக் கூடாது என்றும் அங்கேயே வருகிறது. மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தில், அதாவது விளைச்சலில் ஒதுக்கும் பத்திலொரு பங்கில், அவர்களுக்குப் பங்குண்டு. கதிர் பொறுக்க, கணவனை இழந்த ரூத் போனாள். அது பிச்சை இல்லை, உரிமை. குனிந்து பொறுக்கும் உழைப்பு அவளுடையது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். கணவனை இழந்த ஒருத்தி எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். பிள்ளைகளை என்னிடம் கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எலிசா சொல்லவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. பாத்திரங்களை அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கச் சொன்னார், கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வார்க்கச் சொன்னார். எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கடன் தீர்கிறது, தொழில் கிடைக்கிறது, அண்டை வீட்டார் உள்ளே வருகிறார்கள், பிள்ளைகள் தாயோடு இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காணிக்கை வசூலிக்கும் நாளில் ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். மாற்கு 12இல் அந்தக் காட்சிக்கு ஒரு வசனம் முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார். அந்த வசனத்தையும் சேர்த்து வாசித்தால் பிரசங்கத்தின் திசையே மாறிவிடும். பெரும்பாலும் அதைச் சேர்த்து வாசிப்பதில்லை.

முதல் நூற்றாண்டுகளின் சபைகள் இந்தப் பணியை எப்படி நடத்தின என்பதற்கு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. கி.பி. 155 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு கூடுகையில் வசூலாகும் பணம் சபைத் தலைவரிடம் சேர்க்கப்பட்டது என்றும், அவர் அதைக்கொண்டு திக்கற்ற பிள்ளைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், ஊருக்கு வந்த அந்நியர்கள் ஆகியோரைக் கவனித்தார் என்றும் சொல்கிறார். நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் எழுதும்போது பணப்பெட்டி ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை, விருப்பமிருந்தால், இயன்றால் போடலாம், கட்டாயமில்லை. 251 வாக்கில் ரோமாபுரிப் பேராயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் கணக்கே இருக்கிறது. 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், அவர்களோடு விதவைகளும் வறியவர்களுமாக 1,500க்கும் மேற்பட்டோர். சட்டப் பாதுகாப்பு இல்லாத, அவ்வப்போது துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு சபை இத்தனை பேரைத் தாங்கியிருக்கிறது.

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த ஜான் கிறிசோஸ்தோம், தம் சபையின் பட்டியலில் விதவைகளும் கன்னியரும் 3,000 பேர் இருப்பதாகச் சொல்லி, சபையின் வருமானமோ சாதாரணப் பணக்காரர் ஒருவருடைய வருமானம்தான் என்று கேட்டிருந்த செல்வந்தர்களுக்குச் சுட்டிக்காட்டினார். அதற்குச் சற்று முன்பு, 362இல், கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசர் ஜூலியன் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே, நமக்கு வெட்கமாக இல்லையா என்பது அதன் சாரம். எதிரி கொடுக்கும் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் சபை ஒழுங்கு நூல் இரண்டு விஷயங்களில் இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளையைப் பிள்ளையில்லாத சபையார் ஒருவர் தம் வீட்டில் எடுத்து வளர்ப்பது நல்லது என்கிறது அது. தனிக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. இன்னொன்று, பிறரைச் சிறையில் வாட்டுகிறவர்கள், அடிமைகளைக் கொடுமைப்படுத்துகிறவர்கள் போன்றவர்கள் தரும் பணத்தை விதவைகளுக்காகக்கூட வாங்காதே, பசியால் வாடினாலும் வாங்காதே என்கிறது. இந்த இரண்டாவது விதியை எந்தக் காலத்துச் சபையாவது முழுதாகக் கடைப்பிடித்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உதவி என்று வந்துவிட்டால் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் தகுதி வரும். முதலாம் தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தில் அது வந்துவிட்டது. அறுபது வயதுக்குக் குறையாதவள், ஒரே புருஷனுக்கு மனைவியாக இருந்தவள், பிள்ளைகளை வளர்த்தவள், நற்செயல்களால் பெயர் பெற்றவள். பழைய மொழிபெயர்ப்பு ‘உத்தம விதவை’ என்கிறது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்கள்தான் தாங்க வேண்டும், சபை பாரப்படக் கூடாது. இளம் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளட்டும் என்பது அறிவுரை. கடிதம் எழுதியவருக்கு நியாயம் செய்ய வேண்டும். பணம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். அதோடு, குடும்பம் கைகழுவிவிட்டுச் சபையிடம் தள்ளுவதைத் தடுப்பது சரியான எண்ணமே. பட்டியலில் இடம்பெற்ற விதவைகளுக்கு ஜெபமும் பிறரைச் சந்திப்பதும் பணியாகவே இருந்தன, வெறுமனே கைநீட்டி நிற்கவில்லை. ஆனாலும், அதிகம் தேவைப்படும் இருபத்தைந்து வயதுத் தாய், கையில் இரண்டு பிள்ளைகளோடு, அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள். உத்தமம் என்ற சொல் பிற்காலத்தில் எத்தனை பெண்களின் முகத்தில் கதவைச் சாத்தியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கட்டடங்கள் மெல்ல மெல்ல வந்தன. பைசாந்தியப் பேரரசில் அநாதை இல்லங்களும் அவற்றுக்கெனத் தனி அதிகாரியும் இருந்தனர். மேற்கில் கைவிடப்பட்ட சிசுக்களுக்கான இல்லங்கள் எழுந்தன. புளோரன்ஸில் பட்டு வணிகர் சங்கம் 1419இல் தொடங்கி, புரூனலெஸ்கி வடிவமைத்து, 1445இல் திறந்த இல்லம் இன்றும் கட்டடக்கலைக்காகப் போற்றப்படுகிறது. 1638இல் பாரிஸில் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரிலாக்கும் வீதியில் விடப்பட்ட குழந்தைகளை ஏற்கத் தொடங்கினார்கள். இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு இருந்த மாற்று வழி வாசற்படியும் குளிரும்தான். ஆனால் குழந்தை ஏன் வாசற்படிக்கு வந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே நின்றது. வறுமையாலும் மானத்துக்கு அஞ்சியும் அதை விட்டுச் சென்ற தாய் எங்கோ உயிரோடுதான் இருந்தாள்.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி 1740களில் ஸ்காட்லாந்தில் நடந்தது. தர்மத்தின் வரலாற்றில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காப்பீட்டின் வரலாற்றில்தான் பேசுகிறார்கள். ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், இறந்துபோகும் போதகர்களின் குடும்பங்கள் தெருவுக்கு வருவதைப் பார்த்துச் சகிக்காமல் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். கொலின் மெக்லாரின் என்னும் கணிதப் பேராசிரியர் உதவினார். எந்தச் சமயத்திலும் சுமார் 930 போதகர்கள் பணியில் இருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் இறக்கிறார்கள், அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுச் செல்கிறார்கள் என்று விவரம் திரட்டினார்கள். ஒவ்வொரு போதகரும் ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும், இறந்தால் விதவைக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை. நிதி எப்படி வளரும் என்று அவர்கள் போட்ட கணக்கு, பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருந்தது. அந்த விதவை யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. குறை என்னவென்றால், சந்தா கட்ட முடிந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டுமே இது கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுதான் அநாதை இல்லங்களின் பொற்காலம். ஜார்ஜ் முல்லரின் கதை கிறிஸ்தவ வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகியது. 1836இல் பிரிஸ்டலில் வாடகை வீட்டில் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்து, ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. வாழ்நாளில் 10,000 பேருக்கு மேல் அவர் பராமரிப்பில் வளர்ந்தார்கள். அந்த மனிதரின் விசுவாசமும் கணக்கு வைத்த நேர்மையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் சேர்க்கை விதி ஒன்று அதிகம் சொல்லப்படுவதில்லை. முறையான திருமணத்தில் பிறந்து, தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளைச் சேர்ப்பதே அங்கு விதி. தகப்பன் இறந்து தாய் மட்டும் திண்டாடும் வீடு, அதாவது வேதாகமத்தின் ‘திக்கற்ற பிள்ளை’ வாழும் அதே வீடு, அந்த விதிக்குள் வரவில்லை.

லண்டனில் தாமஸ் பர்னார்டோ 1870 முதல் வேறு வழியில் போனார். எந்த ஆதரவற்ற பிள்ளைக்கும் கதவடைப்பதில்லை என்று அறிவித்தார். பெற்றோர் இருந்த பிள்ளைகளும் வந்தார்கள். சில பிள்ளைகளைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகவே எடுத்ததை அவரே ‘பரோபகாரக் கடத்தல்’ என்று பெருமையோடு ஒப்புக்கொண்டார். அவருடையதும் பிற அமைப்புகளுடையதுமாக, பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு மட்டும் 1869 தொடங்கி 1,00,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கப்பலேற்றப்பட்டார்கள். பண்ணை வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தது பல்லாண்டு கழித்தே தெரிந்தது. ஆஸ்திரேலிய அரசு 2009இலும் பிரிட்டிஷ் அரசு 2010இலும் இப்படி அனுப்பப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டன. அமெரிக்காவில் 1854இலிருந்து 1929வரை ‘அநாதை ரயில்கள்’ நகரத்துப் பிள்ளைகளை மேற்கே கொண்டுபோயின. அவர்களிலும் பலர் அநாதைகள் இல்லை. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் நடந்த கொடுமைகளை 2009இல் வெளியான விசாரணை அறிக்கை பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. விசாரணை என்ற சொல் இங்கே வந்து சேர்ந்த பொருளைப் பாருங்கள்.

கெட்ட மனிதர்கள் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. உதவியின் அமைப்பே அப்படி இருந்தது. பிள்ளையை இல்லத்தில் விட்டால் சோறு, உடை, படிப்பு எல்லாம் உண்டு. அதே பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட தாய்க்கு ஒன்றுமில்லை. பசியோடு நிற்கும் விதவை எதைத் தேர்ந்தெடுப்பாள்? ‘ஆதரவற்ற பிள்ளை’ என்று ஒரு பிள்ளை உருவாவதற்கு உதவி வரும் வழியே காரணமாகிவிட்டது. நன்கொடையாளர்களுக்கும் இது வசதி. வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படம் பணம் கொண்டுவரும், தாய்க்குக் கட்டிய வீட்டு வாடகையைப் படம் எடுக்க முடியாது.

திருப்பம் 1909இல் வந்தது. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாட்டில் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூதத் தொண்டு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் கலந்துகொண்டார்கள். வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். இரண்டே ஆண்டில் இல்லினாய் மாநிலம் தாய்மாருக்கான உதவித்தொகைச் சட்டம் இயற்றியது. அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் தொடர்ந்தன. பணம் தாயின் கைக்குப் போனது. ஆனால் இங்கேயும் பழைய பட்டியல் எட்டிப்பார்த்தது. ‘தகுந்த வீடு’ வைத்திருப்பவளா என்று சோதித்தார்கள். மணமாகாத தாய்மாரும் கறுப்பினத் தாய்மாரும் பெரும்பாலும் வெளியே தள்ளப்பட்டார்கள். உத்தம விதவை சட்டப் புத்தகத்துக்குள் புகுந்துவிட்டாள்.

அதன் பிறகு ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. 2000இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இல்லத்திலேயே தங்கியவர்களைவிடக் குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. யுனிசெப் 2015ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில் உலகில் சுமார் 14 கோடி அநாதைகள். ஆனால் அந்த அமைப்பு பெற்றோரில் ஒருவரை இழந்தாலும் அநாதை என்றே எண்ணுகிறது. இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. மீதிப் பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். 14 கோடி என்ற எண்ணை மட்டும் சொல்லிக் கட்டட நிதி திரட்டுவது, தெரிந்து செய்தால் பொய், தெரியாமல் செய்தால் சோம்பல்.

2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள், நூறு ஆண்டுக்கு முன் வெள்ளை மாளிகை மாநாடு சொன்னதையே திருப்பிச் சொன்னன. கிறிஸ்தவ அமைப்புகளிலும் மாற்றம் தெரிகிறது. கொரியப் போர்க் காலத்தில் பிறந்து, அதில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உதவியவை வேர்ல்டு விஷனும் (1950) கம்பாஷனும் (1952). காலப்போக்கில் வேர்ல்டு விஷன் ஊர் முழுவதன் வளர்ச்சிப் பணிக்கு நகர்ந்தது. கம்பாஷன், பிள்ளை தன் வீட்டிலேயே இருக்க, உள்ளூர்ச் சபை வழியாக உதவுகிறது. ஆறு நாடுகளில் அதன் திட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டுக்கும் மேலாகக் கூடுதலாகப் படித்ததாகக் கண்டது. தர்ம அமைப்புகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நான் எளிதில் நம்புவதில்லை. வெளி ஆய்வாளர்கள் அளந்து பார்த்த இப்படிப்பட்ட சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

வழக்கை விசாரிக்கும் பாதியும் மீண்டும் தலைகாட்டுகிறது. கணவன் இறந்ததும் அவனுடைய உறவினர்களோ அண்டை வீட்டாரோ நிலத்தையும் வீட்டையும் பிடுங்கிக்கொள்வது பல நாடுகளில் நடக்கிறது. உகாண்டாவில் இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்பு இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்தி, விதவைகளுக்கு நிலத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு மூட்டைத் தானியம் ஒரு மாதத்துக்கு வரும், மீட்ட நிலம் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். ஆனால் வழக்கு நடத்துவது எரிச்சலான வேலை. எதிர்த்தரப்பில் சொந்தச் சபை மூப்பரே இருக்கக்கூடும்.

இல்லங்களைக் குடும்ப உதவிக்கு மாற்றுவதும் சுலபமில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்ப முடியாது. அடிக்கும் வீடு உண்டு, யாருமே மிஞ்சாத வீடும் உண்டு. அவர்களுக்கு வளர்ப்புக் குடும்பமோ சிறிய இல்லமோ வேண்டும். ஒரே நாளில் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பஸ் ஏற்றி அனுப்புவது இன்னொரு கைவிடல். வேலையாட்களின் பிழைப்பு இருக்கிறது, பெயர் பொறித்த கட்டடம் இருக்கிறது, மாதந்தோறும் ஒரு பிள்ளைக்கு என்று பணம் அனுப்பிப் பழகிய நன்கொடையாளர் இருக்கிறார். இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். அவர்கள் முதலில் எடுப்பது பழைய சேர்க்கைப் பதிவேட்டை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் தாயின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இருந்தால், பிள்ளையிடம் இன்னும் எதுவும் சொல்லாமல், ஒருவர் அந்த முகவரியைத் தேடிப் புறப்படுகிறார்.